ஊர்ல எந்தப் பக்கம்?

சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. கட்சிக் கொடிகளைச் சொல்லவில்லை. தென் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகளின் மணிக்கட்டில் கிடக்கிற கயிறுகளின் நிறங்கள் இவை. எவன் எந்தச் சாதி என்று வாயைத் திறந்து கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு சுருக்கு வழி.

பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள். 2019 ஜூலை கடைசியில் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்தப் பழக்கம் இருக்கும் பள்ளிகளைக் கண்டுபிடியுங்கள், தடுத்து நிறுத்துங்கள் என்றது அது. அவ்வளவுதான்! சாமி கயிற்றில் கை வைக்கிறார்கள் என்று கூச்சல் கிளம்பிவிட்டது. பா.ஜ.க.வின் எச். ராஜா எதிர்த்தார். அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லி விஷயத்துக்கு மூடுவிழா நடத்தினார்.

தொடர்ந்தது. எப்படித் தொடர்ந்தது என்று தேதிவாரியாகச் சொல்கிறேன்.

2022 ஏப்ரல். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளி. கையில் கட்டிய கயிறு பற்றிய தகராறு. பிளஸ் டூ மாணவன் ஒருவன் சக மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாட்களில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. வள்ளியூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தலித் மாணவன், கூடப் படிக்கிறவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் புகார் கொடுத்தான். ராத்திரி வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு.

2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் பக்கம். பரீட்சை எழுதப் பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை, பஸ்ஸை மறித்து வெளியே இழுத்து வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாகி விழுந்தன. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரமாம்.

பள்ளக்காலில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை போகிறது இந்தப் பட்டியல். தாமிரபரணியும் அந்த வழியாகத்தான் போகிறது.

இந்தச் செய்திகளை நாம் எப்படிப் படித்தோம்? "சின்னப் பயலுவ கையில அரிவாளா? காலம் கெட்டுப்போச்சு" என்று உச்சுக் கொட்டினோம். பழியைச் சினிமா மேல் போட்டோம். செல்போன் மேல் போட்டோம். வாத்தியார் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியதுதான் காரணம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். பையன்களைத் தவிர வேறு யார் மேலும் நமக்குச் சந்தேகம் வரவில்லை. அதிலும் குறிப்பாக நம் மேல்.

எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. பையன் பள்ளியில் கட்டுகிற கயிறு, பெரியவர்கள் வேலை கொடுக்கிற இடத்தில் நடத்துகிற ஒரு பெரிய விளையாட்டின் ஒத்திகை என்பதுதான் என் கட்சி. அங்கே கயிறு கண்ணுக்குத் தெரியாது. அதனால் எந்தச் சுற்றறிக்கையும் அதைப் பிடிக்காது.

அதற்கு முன்னால் நூறு வருஷம் பின்னால் போய் வரலாம். தூரம் ரொம்ப இல்லை. இதே ஆற்றங்கரையில் இருக்கும் சேரன்மகாதேவிதான்.

அங்கே வ.வே.சு. ஐயர் ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். தேசிய உணர்வோடு பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று தொடங்கப்பட்ட பள்ளி. காங்கிரஸ் கட்சியின் நிதியும் அதற்குப் போனது. அந்தப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடுகிறார்கள் என்ற விவரம் வெளியே வந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேள்வி கேட்டார்கள். ஐயர் தரப்பு சொன்ன பதில் என்ன? தனியாகச் சாப்பிடுவது ஒன்றிரண்டு பிள்ளைகள்தான், பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பதுதான். காந்தி வரைக்கும் பஞ்சாயத்து போனது. 1925 ஜூன் மாதம் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் திசை மாறியதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, சேரன்மகாதேவியில் தனியாகப் போடப்பட்ட இலை.

அன்றைக்கு "பெற்றோர் விருப்பம்". இன்றைக்கு "கோயில் கயிறு". நூறு வருஷத்தில் வக்கீல் மாறியிருக்கிறார், வாதம் மாறவில்லை. நம்முடைய பெரிய ஏற்பாடு ஒன்றைப் பிள்ளைகளின் சின்ன விஷயமாகக் காட்டுவதில் நாம் எப்போதுமே கெட்டிக்காரர்கள்.

இனி பள்ளியைத் தாண்டி வெளியே வருவோம்.

நெல்லைச் சீமையில் படிப்புக்குப் பஞ்சம் இல்லை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பட்டமே கொடுத்திருக்கிறோம். மிஷனரிகள் கட்டிய பள்ளி, மடம் நடத்துகிற பள்ளி, சமுதாய சங்கத்தின் பள்ளி, அரசுப் பள்ளி, மெடிக்கல் காலேஜ், மனோன்மணியம் சுந்தரனார் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் என்று எல்லாம் இருக்கிறது. மதியம் சத்துணவு, இலவச பஸ் பாஸ், சைக்கிள், புத்தகம் எல்லாம் கொடுத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையையும் பிளஸ் டூ வரை கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது தமிழ்நாடு. 69 சதவிகித இட ஒதுக்கீடு கல்லூரிக் கதவையும் திறந்துவிடுகிறது. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தியாவில் பல மாநிலங்கள் இன்னும் எட்டாத உயரம் இது.

பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகு?

சர்க்கார் வேலை இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் பார்த்துவிடுவோம். 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பட்டியல் சாதியினருக்கு 18 சதவிகிதம் என்று பெருக்கினால் 1,124 இடம் வரும். திருநெல்வேலிக்கு மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டியும் மொத்தம் பத்தாயிரத்தைத் தொடவில்லை. "அதான் கோட்டா இருக்குல்ல, இன்னும் என்ன வேணும்?" என்று டீக்கடையில் நியாயம் பேசுகிறவர்கள் இந்த 1,124ஐ ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம்.

கிடைக்காத மற்றவர்கள் எங்கே போவார்கள்? ஜவுளிக் கடை, நகைக் கடை, தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, ஃபைனான்ஸ் கம்பெனி, லாரி ஆபீஸ், மில், சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே இட ஒதுக்கீடு கிடையாது. அங்கே நுழைவுத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி.

"எந்த ஊர் தம்பி?"

"கல்லிடைக்குறிச்சி சார்."

"கல்லிடையா? நல்ல ஊராச்சே! ஊர்ல எந்தப் பக்கம்?"

முடிந்தது பரீட்சை. அதற்குப் பிறகு பி.காம். மார்க் ஷீட்டைப் புரட்டுவதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்குத்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் வில்லங்கம் புரியாது. தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தொடங்கிய நல்ல காரியம் அது. முருகன் என்றோ செல்வி என்றோ பெயரைச் சொன்னால் எந்தச் சாதி என்று பிடிபடாது. அதனால் ஊரைக் கேட்கிறார்கள். தெருவைக் கேட்டால் போதும், நம் ஊர்கள் தெருவுக்குத் தெரு சாதி பிரித்துக் கட்டியவைதானே! ஒவ்வொரு ஊரின் வரைபடமும் ஒரு சாதிச் சான்றிதழ். தாசில்தார் கையெழுத்துகூடத் தேவையில்லை.

தெருவை வைத்தும் பிடிபடாவிட்டால் அடுத்தடுத்து அஸ்திரங்கள் உண்டு. "அப்பா என்ன செய்யுதாக?" "அங்ஙன யார் வீடு?" அதுவும் போதாவிட்டால் இருக்கவே இருக்கிறது பிரம்மாஸ்திரம்: "பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாத்தாங்கோயிலுக்குப் போவிய?" பக்தியோடு கேட்கிற மாதிரியே இருக்கும். கேட்கிறவர் நெற்றியில் திருநீறும் இருக்கும். இவருக்கு வேண்டியது சாமி இல்லை, சாதி.

இன்னொரு பையன் மேலப்பாளையம் என்று சொல்கிறான். அவனுக்குப் பல இடங்களில் 'எந்தப் பக்கம்' என்ற இரண்டாவது கேள்விகூட வராது. "சொல்லி அனுப்புதோம்" என்ற பதில் மட்டும் வரும். யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆதாரம் தருகிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2007இல் வெளியாயின. இந்தியாவின் ஆங்கிலப் பத்திரிகைகளில் தனியார் கம்பெனிகள் கொடுத்த வேலை விளம்பரங்களை 66 வாரம் சேகரித்து, 4,808 விண்ணப்பங்களைத் தபாலில் அனுப்பினார்கள். ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு. ஒன்று உயர்சாதிப் பெயர், ஒன்று தலித் பெயர், இன்னொன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. நேரில் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைப் பார்த்ததற்கே இந்தக் கதி.

அதே சமயத்தில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் என்ற இருவர் பெரிய கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளைப் பேட்டி எடுத்தார்கள். அந்த அதிகாரிகள், நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, நேர்காணலில் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்போம் என்றும் சொன்னார்கள். நம் ஊர் முதலாளி தெருவைக் கேட்கிறார். கோட் போட்ட அதிகாரி குடும்பத்தைக் கேட்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது இந்தியாவின் தனிச் சொத்தும் இல்லை. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், வெள்ளைக்காரப் பெயர் போட்ட விண்ணப்பங்களுக்குக் கறுப்பினப் பெயர் போட்டவற்றைவிட 50 சதவிகிதம் அதிகமாக அழைப்பு வந்தது. ஆனால் அங்கே தெருவைக் கேட்டுவிட்டுச் சாமி கும்பிடுவதில்லை.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதுகிற கணக்கு, கணக்கே இல்லை.

நம் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் சாதி விஷயத்தில் பாதிக் கணக்குதான் எழுதுகிறார்கள். தலித் பையனுக்கு வேலை கிடைக்கவில்லை, முஸ்லிம் பையனுக்கு அழைப்பு வரவில்லை, ஐயோ பாவம். இது பற்றுப் பக்கம். வரவுப் பக்கம் எங்கே? அந்த வேலை காற்றில் கரைந்துவிட்டதா? யாரோ ஒருவருக்குப் போயிருக்கிறது. 'நம்ம பையன்' என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். 'நம்ம ஊர்க்காரர்' என்று யாரோ நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அந்த 'நம்ம' என்ற ஒரு சொல்லின் மதிப்பை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதி வைப்பதில்லை.

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, கண்ணால் பார்க்க முடியாது. புலனாகாச் சொத்து என்பார்கள். ஆனால் வியாபாரத்துக்கு வருமானம் கொண்டுவரும், விற்றால் விலையும் போகும். சாதி அந்த வகைச் சொத்து. வைத்திருக்கிறவருக்கு அது இருப்பதே தெரியாது. "நான் என் திறமையால முன்னுக்கு வந்தவன் சார்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். பொய் சொல்லவில்லை, பாவம். தன் இருப்புநிலைக் குறிப்பை அவர் முழுசாகப் படித்ததில்லை.

அந்தச் சொத்து இல்லாதவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்? ஆறு பிறக்கிற மலைப்பக்கம் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் தொடங்கி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டில் பாம்பே பர்மா கம்பெனி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை நடத்தியது. மலையேறிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வேலை இருக்கும் வரை கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. 2024 ஜூனில் கம்பெனி கடையைக் கட்டியது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குடும்பங்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். மூன்று நான்கு தலைமுறை உழைத்த பிறகு அந்த வீட்டுப் பிள்ளை சமவெளிக்கு வந்து வேலை கேட்கிறான். அவனிடமும் நாம் கேட்கிறோம்: எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்?

இந்த இடத்தில் ஒரு குரல் குறுக்கே வரும். "எல்லாம் பணம் காசுதான் சார். நல்லாப் படிச்சு நல்ல வேலைக்குப் போயிட்டா எவனும் சாதி பார்க்க மாட்டான்."

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டை கே.டி.சி. நகர். ஏரல் பக்கத்துக் கிராமத்திலிருந்து படித்து முன்னேறி, சென்னையில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த 27 வயது தலித் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதுதான் காரணம் என்பது வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட இளைஞரின் பெற்றோர் இருவரும் போலீஸ் துறையில் சப்-இன்ஸ்பெக்டர்கள். படிப்பு இருந்தது. வேலை இருந்தது. நல்ல சம்பளம் இருந்தது. எதிர்ப்பக்கம் சட்டத்தைக் காக்கிற உத்தியோகம் இருந்தது. சாதி ஒழிந்ததா? பள்ளியில் பையன்களுக்கு நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நீ எவ்வளவு தூரம் வந்தாலும் உன் தெருவைத் தாண்டி வரக் கூடாது என்பதுதான் இரண்டிலும் இருக்கிற சேதி.

இன்னொரு குரலும் வரும். "எங்க பையன்களுக்கு மட்டும் என்ன வேலை கெடைச்சிருக்கு? அவனும்தான் சும்மா சுத்துதான்."

நியாயமான கேள்வி. இதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆதிக்க சாதியில் பிறந்த எல்லோர் வீட்டிலும் அந்தப் புலனாகாச் சொத்து ஒரே அளவில் இல்லை. நிலம் வைத்திருக்கிறவர், பஸ் விடுகிறவர், காலேஜ் நடத்துகிறவர் வீட்டில் அது வட்டியோடு குட்டி போடுகிறது. அரிவாள் எடுத்த பையனின் வீட்டில்? அவனுக்குக் கிடைத்தது கயிறும், குருபூஜைக்குப் போக ஓசி வேனும், பிளெக்ஸ் போர்டின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோவும்தான். பதினேழு வயதில் அவன் சிறார் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். அவன் கையில் கயிறு கட்டிய தலைவரின் பிள்ளை அதே வயதில் எங்கே இருக்கிறான்? சென்னையில் நல்ல பள்ளியில். அப்புறம் பெங்களூர், அப்புறம் அமெரிக்கா. அங்கே எவனும் மணிக்கட்டைப் பார்ப்பதில்லை.

சாதிச் சங்கத் தலைவர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: உங்கள் பேச்சைக் கேட்டு ஜெயிலுக்குப் போன பையன்களில் எத்தனை பேருக்கு நீங்கள் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள்? உங்கள் கம்பெனியில்? உங்கள் காலேஜில்? வெட்டுப்பட்டவனின் படிப்பு ஒரு வருஷம் போகிறது. வெட்டியவனின் வாழ்க்கையே போகிறது. இரண்டு பக்கமும் பற்று. வரவு மட்டும் உங்கள் பேரில்.

சரி, என்னதான் செய்வது?

நாங்குநேரிக்குப் பிறகு ஸ்டாலின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு கூடாது, கயிறும் சாதி அடையாளமும் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அதிகாரியாகப் போடக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். அறிக்கை வந்த மறுநாளே நெற்றித் திலகத்தில் கை வைக்கிறார் என்று 2019இன் அதே பழைய கூச்சல் கிளம்பியது. அந்த அறிக்கையை வரி விடாமல் நடைமுறைப்படுத்த வேண்டும். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் அது பள்ளிக்கூடத்து வாசல் வரைதான் வரும். வாசலுக்கு வெளியே, வேலைக்குப் போகிற வழிக்கு என்ன திட்டம்?

இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்ட்களும் பல வருஷம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். வேலை கேட்டுப் போனால் அங்கேயும் சுற்றிவளைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். எந்தப் பள்ளியில் படித்தாய், எந்தத் தெருவில் வீடு? நம் கல்லிடைக்குறிச்சிக் கேள்வியேதான்! 1989இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. உன் கம்பெனியில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வருஷா வருஷம் எண்ணி ஆணையத்துக்குக் கணக்குக் கொடு, ஒரு பக்கம் குறைந்தால் என்ன செய்யப்போகிறாய் என்று சொல் என்றது சட்டம். சில வருஷத்தில், பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடமெல்லாம் இதற்குள் வந்துவிட்டது.

அதே 1989இல்தான் நாமும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தோம். அவசியமான சட்டம். ஆனால் அது அரிவாளைப் பிடிக்கிற சட்டம். வேலை மறுக்கிற கேள்வியைப் பிடிக்க நம்மிடம் இன்றுவரை ஒன்றும் இல்லை.

கங்கைகொண்டானில் சிப்காட் இருக்கிறது. அரசு நிலம், அரசு போட்ட சாலை, தாமிரபரணித் தண்ணீர், சலுகை மின்சாரம், வரிச்சலுகை என்று கம்பெனிகள் எதையெல்லாம் நம் பொதுப் பணத்திலிருந்து பெறுகின்றனவோ, அதற்கெல்லாம் கைம்மாறாக ஒரே ஒரு தாள் கேட்போம். யாருடைய பெயரும் வேண்டாம். எந்தப் பிரிவிலிருந்து எத்தனை பேர், எந்தச் சம்பளத்தில், எந்த நாற்காலியில்? இவ்வளவுதான். மேனேஜர் அறையில் யார், பெருக்குகிற இடத்தில் யார் என்று தனித்தனியாக வேண்டும். மொத்தமாகக் கூட்டிக் கொடுத்தால் துடைப்பத்தைக் காட்டி விகிதாசாரத்தைச் சரிக்கட்டிவிடுவார்கள். இதே கணக்கை, அரசு சம்பளம் கொடுக்க நிர்வாகம் ஆள் எடுக்கிற உதவி பெறும் பள்ளிகளும் கல்லூரிகளும் கொடுக்க வேண்டும். சமூக நீதியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற பத்திரிகை ஆபீஸ்களும் கொடுக்க வேண்டும்.

"கம்பெனிக்குள்ள சாதியைக் கொண்டுவரப் பார்க்கியளா?" என்று கோபம் வரும். ஐயா, சாதி ஏற்கெனவே உள்ளே ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறது. அதை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான். வாயால் கேட்கத் தயங்காத விவரத்தைத் தாளில் எழுதிக் கொடுக்க மட்டும் ஏன் கூசுகிறது?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நீங்களும் ஒரு கணக்குப் போடலாம். உங்கள் ஆபீஸில், கடையில், பள்ளியில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பத்துப் பேரை எண்ணிப் பாருங்கள். அவர்களில் யார் யார் விளம்பரம் பார்த்து வந்தார்கள், யார் யார் போன் மூலம் வந்தார்கள்? போனில் வந்தவர்கள் யாருடைய 'நம்ம பையன்'? அந்தப் பத்தில் நீங்கள் சிபாரிசு செய்தது யார்? கணக்கை யாருக்கும் காட்ட வேண்டாம். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நாங்குநேரியில் வெட்டுப்பட்ட அந்தப் பையனை நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து, வேறு பள்ளியில் சேர்ந்து, 2024இல் பிளஸ் டூ பரீட்சை எழுதினான். வெட்டுப்பட்ட கையால் எழுத முடியாது என்பதால் அவன் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். 600க்கு 469 மார்க். அடுத்து என்ன என்று நிருபர்கள் கேட்டபோது, பி.காம். படித்து சி.ஏ. முடித்து ஆடிட்டர் ஆக வேண்டும் என்று சொன்னான்.

ஆகட்டும். நன்றாக ஆகட்டும். சில வருஷம் கழித்து, கழுத்தில் டையும் கையில் பையுமாக உங்கள் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்ய ஒரு இளைஞன் வரலாம். அவனிடமும் ஊர்ல எந்தப் பக்கம் என்று கேட்கப்போகிறீர்களா? கேட்பதற்கு முன்னால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். பற்று எங்கே, வரவு எங்கே என்று பார்க்கத் தெரிந்தவன் அவன். பேரேட்டைத் திறந்து அவன் முன்னால் வைக்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா?